பிள்ளைகளுக்கும் கணக்கு உண்டு



நம் கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். சேமிப்பு தொடங்கிய கதை, வங்கிக் கடன் வாங்கிய கதை எல்லாம் மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். திருடினான் என்றோ, வீட்டை விட்டு ஓடிவந்தான் என்றோ, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றோ அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொள்கிற பிள்ளைகளின் வரலாறு இது. மலரில் போடுகிற விஷயமா இது என்று சிலருக்குத் தோன்றலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. பத்து ரூபாய் உள்கடன் கொடுத்தாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம், அடுத்த கூட்டத்தில் திரும்ப வந்ததா என்று கேட்கிறோம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "நீ என்ன என்னை சந்தேகப்படுறியா?" என்று ஊக்குநர் கேட்டால் அந்தக் குழு அதோடு முடிந்தது. பணத்துக்கு இவ்வளவு கேள்வி கேட்கிற நாம், அரசு வாங்கிக்கொண்டு போன ஒரு பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறோமா? கேட்டவர்கள் யார்? கேட்டதால் என்ன நடந்தது? அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே இந்தத் தொழில் வளர்ந்தது. பியூஸ் கேரியர், ஜாடி, அகல், பொம்மை என்று நம் கையில் படாத பீங்கான் சாமான் இல்லை. நம் உறுப்பினர்கள் பல பேர் அச்சில் ஊற்றவும், பிசிறு எடுக்கவும், சாயம் தீட்டவும் போகிறவர்கள். சூளையில் வேலை குறைந்த வருஷம் குடும்பத்தில் கஷ்டம். கஷ்டம் வந்தால் முதலில் நிற்பது பையனின் படிப்பு. படிப்பு நின்ற பையன் தெருவில் நிற்கிறான். இது நாம் எல்லோரும் கண்ணால் பார்ப்பதுதான்.

இன்னொன்று, நம் ஊர் ரயில்வே ஜங்ஷன். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற வண்டியோடு சேலத்துக்கும் கடலூருக்கும் பிரிகிற பாதையும் இங்கே இருக்கிறது. வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு ஜங்ஷன்தான் முதல் வாசல். எங்கிருந்தோ ஓடிவருகிற பிள்ளை இறங்குவதும் இங்கேதான்.

கைக்குழந்தையைப் "பச்சை மண்ணு" என்று சொல்வோம். பீங்கான் வேலை தெரிந்த நமக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் இன்னும் நன்றாகத் தெரியும். சூளைக்குப் போகாத பச்சையில் விரிசல் கண்டால் உடைத்துத் தண்ணீரில் கரைத்து மறுபடி அச்சில் ஊற்றலாம். சூளையில் வெந்த பிறகு விரிசல் கண்டால் குப்பைக்குத்தான் போகும். பதினாறு, பதினேழு வயதுப் பையனும் இன்னும் பச்சைதான் என்று ஒத்துக்கொள்ள இந்த நாட்டுச் சட்டத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று.

நூறு வருஷத்துக்கு முன்னால்

வெள்ளைக்காரன் காலத்தில் திருட்டுக் கேஸில் மாட்டிய சிறுவனையும் பெரிய ஆட்களோடு ஒரே ஜெயிலில்தான் போட்டார்கள். ஜெயிலில் பையன் திருந்துவதற்குப் பதிலாகத் தொழில் கற்றுக்கொண்டு வருகிறான் என்று தெரிந்த பிறகு சீர்திருத்தப் பள்ளிகள் வந்தன. நம் மாகாணத்தில் 1880-களில் செங்கல்பட்டில் அப்படி ஒரு பள்ளி தொடங்கியது. செங்கல்பட்டு என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பின்பகுதியில் அந்த ஊர் மறுபடி வரும்.

1920-இல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் அதுதான். வங்காளத்தில் 1922-இலும் பம்பாயில் 1924-இலும் வந்தன. சிறுவர்களுக்குத் தனி விசாரணை, தனி இடம், தண்டனைக்குப் பதில் பயிற்சி என்ற எண்ணம் இந்தச் சட்டங்களில்தான் வேர் பிடித்தது. இதில் நம் மாகாணம் முன்னோடி என்று பெருமைப்படலாம்.

அரசு செய்யாததைப் பெண்கள் செய்ததும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் சென்னையில் அவ்வை இல்லம் தொடங்கினார். தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை என்பதால், முதலில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர் அவர். சட்டசபையில் பேசியதோடு விடாமல் வாசலுக்கு வந்த பிள்ளையை உள்ளே சேர்த்தார்.

ஆனால் சட்டம் இருந்த இடத்திலும் அது ஒழுங்காக நடக்கவில்லை. பல மாநிலங்களில் தனி இல்லமே இல்லை. சுதந்திரம் வந்து முப்பது, நாற்பது வருஷம் ஆன பிறகும் நாடு முழுக்க ஜெயில்களில் சிறுவர்கள் இருந்தார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று அரசிடம் ஒழுங்கான கணக்குகூட இல்லை.

கணக்கு கேட்ட ஒரு பெண்

அந்தக் கணக்கைக் கேட்டவர் ஒரு பெண். ஷீலா பர்சே என்ற பத்திரிகையாளர். ஜெயில் ஜெயிலாகப் போய்ப் பார்த்து, 16 வயது நிறையாத பிள்ளைகள் உள்ளே இருப்பதைக் கண்டு, உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 1986-இல் நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் கேட்டது: உங்கள் ஜெயிலில் எத்தனை சிறுவர்கள்? மாவட்ட நீதிபதிகள் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். பல மாநிலங்கள் பதிலே அனுப்பவில்லை. நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டு கேட்டபோதே இந்த நிலைமை என்றால், ஒரு தாய் போய்க் கேட்டால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1986 ஆகஸ்டில் வந்த உத்தரவில் நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. எங்களிடம் போதுமான இல்லங்கள் இல்லை என்று அரசு சொல்வது பதிலாகாது. இல்லை என்பதற்காகப் பிள்ளையை ஜெயிலில் வைக்க முடியாது. அதே ஆண்டில் நாடு முழுமைக்கும் ஒரே இளைஞர் நீதிச் சட்டம் நிறைவேறியது. 1987 அக்டோபர் 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. தேதி தள்ளித் தள்ளிப் போன சலிப்பில் ஷீலா பர்சே 1988-இல் வழக்கைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். நீதிமன்றம் விடவில்லை. இது ஊர்ப் பிள்ளைகளின் வழக்கு, ஒருவர் விலகினாலும் வழக்கு விலகாது என்று அவர் பெயரை எடுத்துவிட்டு, சட்ட உதவிக் குழுவை வைத்து நடத்தியது. கேட்கத் தொடங்கிய ஆள் களைத்துப் போகலாம். அப்போது கேள்வியை எடுத்துக்கொள்ள வேறு ஆள் வேண்டும். குழு என்று ஒன்று இருப்பதன் பயனே அதுதான், இல்லையா?

ஒரு கடிதம் பத்து வருஷம் நடந்தது

2000-இல் புதிய இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. ஆண் பிள்ளைக்கும் 18 வயது வரை என்று அதில் மாறியது. முன்பு ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 என்று இருந்தது. 2015-இல் இன்னொரு சட்டம் வந்து 2016 ஜனவரி முதல் நடக்கிறது. இப்போது இருப்பது அதுதான். கொடுங்குற்றம் என்றால் 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர் போல விசாரிக்கலாமா என்று பார்க்கிற வழியும் இந்தச் சட்டத்தில் புகுந்தது.

நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றும் இந்த வரலாற்றில் முக்கியமானது. 2007-இல் மாமல்லபுரம் பக்கத்து அனாதை இல்லங்களில் பிள்ளைகளுக்குப் பாலியல் கொடுமை நடப்பதாக ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. அதைப் படித்த ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவானது. வழக்கு பத்து வருஷம் நடந்து, 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா தீர்ப்புச் சொன்னார்கள். எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்றெல்லாம் உத்தரவு வந்தது. பதிவே இல்லாமல் பிள்ளைகளை வைத்திருந்த இடங்கள் அதுவரை இருந்தன என்பதைத்தான் அந்த உத்தரவு காட்டுகிறது. நாம் பத்துப் பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தாலே பெயர், முகவரி, வங்கிக் கணக்கு என்று எத்தனை பதிவு கேட்கிறார்கள்!

மறு ஆண்டு 2018 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. சம்பூர்ணா பெஹுரா என்ற பெண் 2005-இல் போட்ட மனு அது. சட்டம் இருக்கிறது, அதை நடத்துகிற குழுக்களில் ஆள் இல்லை என்பது அவர் முறையீடு. காலி இடங்களை நிரப்பச் சொன்ன நீதிமன்றம், ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் தானாகவே இதைக் கண்காணிக்க வேண்டும் என்றும் சொன்னது.

பார்க்க வேண்டியவர்களே குற்றவாளி ஆனபோது

பதிவும் குழுவும் இருந்தால் போதுமா? பீகார் மாநிலம் முசாபர்பூரில் நடந்ததைக் கேளுங்கள். அரசுப் பணத்தில் நடந்த பெண் பிள்ளைகள் இல்லம் அது. அரசே கேட்டுக்கொண்டதன் பேரில் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஒன்று பீகாரில் 110 இல்லங்களைப் போய்ப் பார்த்துத் தணிக்கை செய்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்கள். 2018-இல் அந்த அறிக்கை வந்த பிறகுதான் முசாபர்பூர் இல்லத்தில் பிள்ளைகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது வெளியே வந்தது. அந்த மாநிலத்தின் சமூக நலத்துறை அமைச்சர் பதவி விலகினார். வழக்கு டெல்லிக்கு மாற்றப்பட்டு, 2020-இல் இல்லத்தை நடத்தியவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதில் தண்டனை பெற்றவர்களில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும், குழந்தைகள் நலக் குழுவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இல்லத்தில் வேலை பார்த்த பெண்களும் இருந்தார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றவென்றே போட்ட ஆட்கள் இவர்கள். தணிக்கைக் குழு மட்டும் வெளியிலிருந்து வந்தது. தணிக்கை ஏன் வெளி ஆளை வைத்துச் செய்ய வேண்டும் என்று புதுக் குழுக்கள் நம்மிடம் கேட்பதுண்டு. இனி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மறுபடி செங்கல்பட்டு

2022 டிசம்பர் கடைசியில், சென்னையை ஒட்டிய பகுதியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவனை ரயில்வே போலீஸ் திருட்டுக் கேஸில் பிடித்தது. ரயில்வே பேட்டரி திருடியதாகக் கேஸ். செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்தார்கள். டிசம்பர் 31 அன்று பையன் இறந்துவிட்டான். உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றுதான் தாய்க்குச் செய்தி போனது. மகனின் உடம்பைப் பார்த்த தாய் அதை நம்பவில்லை. கணவரில்லாத ஏழைப் பெண் அவர். விடாமல் கேட்டார். மாஜிஸ்திரேட் விசாரணை நடந்தது. அடித்ததால்தான் இறந்தான் என்று தெரிந்து, 2023 ஜனவரியில் அந்த இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அந்தத் தாய்க்குப் பத்து லட்சம் ரூபாயும் ஒரு வீடும் கொடுப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். இல்லங்களை எப்படிச் சீர்படுத்துவது என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். அந்தக் குழு தன் அறிக்கையை அரசிடம் கொடுத்தது.

அந்தப் பையனின் பெயர் பத்திரிகைகளில் வந்தது. நான் எழுதவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். நாமும் வாட்ஸப்பில் போடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜெயில் கூடாது, திருத்த ஓர் இடம் வேண்டும் என்று 1880-களில் பள்ளி தொடங்கிய அதே செங்கல்பட்டு. இடையில் எத்தனை சட்டம், எத்தனை தீர்ப்பு! அத்தனைக்குப் பிறகும் ஒரு பிள்ளை உள்ளே போய் இரண்டு மூன்று நாளில் பிணமாக வந்தான். சட்டத்தில் கோளாறு இல்லை. இல்லத்தை அடிக்கடி போய்ப் பார்க்கவும் கேட்கவும் ஆள் இல்லை. அதுதான் குறை.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. அயர்லாந்தில் 1868-இல் வந்த சட்டப்படி, ஏழைப் பிள்ளைகளையும் ஊர் சுற்றிய பிள்ளைகளையும் தொழிற்பள்ளி என்ற பெயரில் அடைத்து வைத்தார்கள். நடத்தியது மதச் சபைகள், மேற்பார்வை அரசின் கல்வித்துறை. அங்கே நடந்த அடியும் அக்கிரமமும் தலைமுறைக் கணக்கில் வெளியே வரவில்லை. வளர்ந்த பிள்ளைகளே பேசத் தொடங்கிய பிறகு, 1999-இல் அந்த நாட்டுப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணைக் கமிஷன் 2009-இல் அறிக்கை கொடுத்தது. கல்வித்துறையின் மேற்பார்வை பெயருக்குத்தான் இருந்தது என்று அந்த அறிக்கை சொன்னது. பணக்கார நாடு, படித்த நாடு. அங்கும் யாரும் கேட்காத இடத்தில் அதேதான் நடந்திருக்கிறது.

நம் மாவட்டத்தில் வேறு ஒரு கதையும் உண்டு

அரசால் நல்ல இல்லம் நடத்தவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு நம் கடலூரிலும் நாகையிலும் அரசே இல்லம் தொடங்கியது. அப்போது கடலூர் கலெக்டர் ககன்தீப் சிங் பேடி. சுனாமிக்குப் பின் நாகைக்குக் கலெக்டராக வந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன். அந்தப் பிள்ளைகள் படித்தார்கள், வளர்ந்தார்கள். நாகை இல்லத்தில் வளர்ந்த பெண்ணின் கல்யாணத்தில் ராதாகிருஷ்ணன் பல வருஷம் கழித்தும் வந்து முன்னே நின்றதைச் செய்திகளில் பார்த்தோம்.

சுனாமிப் பிள்ளைகளுக்கும் செங்கல்பட்டுப் பையனுக்கும் சட்டம் ஒன்றுதான். இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே புத்தகத்தில்தான் வைத்திருக்கிறது: பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை, சட்டத்தோடு மோதிய பிள்ளை. சமூகப் பாதுகாப்புத் துறை என்று நெடுநாள் அழைக்கப்பட்ட துறைதான் இரண்டையும் பார்த்தது. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நான் யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் தோன்றுகிறது. சுனாமிப் பிள்ளைகளை ஊரே பார்த்தது. மந்திரி வந்தார், பத்திரிகை வந்தது, புடவை கொண்டுபோய்க் கொடுத்தோம், பொங்கல் வைத்தோம். "பாவம் பிள்ளைங்க" என்றோம். கூர்நோக்கு இல்லத்துப் பையனை யாரும் பார்க்கப் போவதில்லை. "திருட்டுப் பய" என்று முடித்துவிடுகிறோம். பெற்றவளே வெட்கப்பட்டு, "ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்கிறாள். அவள் வெட்கம், நம் வாய் இரண்டும் சேர்ந்து அந்த இல்லத்தின் கதவை வெளியிலிருந்து பூட்டுகின்றன. பூட்டிய கதவுக்குப் பின்னால் அரசு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நம் குழுவிலேயே நடந்தது

சில வருஷத்துக்கு முன்னால் நம் சகோதரி ஒருத்தியின் மகன், 16 வயது, மூடிக்கிடந்த ஒரு ஷெட்டிலிருந்து செம்புக் கம்பி எடுத்தான் என்று ஒரு காவல் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழுக் கூட்டத்துக்கு வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் அழுதாள். "அக்கா, நேத்து காலையில அழைச்சிட்டுப் போனாங்க. எங்க வச்சிருக்காங்கன்னே சொல்ல மாட்டேங்கறாங்க."

நாங்கள் நாலு பேர் அவளோடு போனோம். சட்டப் பணிகள் குழு முகாம் ஒன்றில் கேட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. "சார், புள்ளைய லாக்கப்புல வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காமே. 24 மணி நேரத்துக்குள்ள குழுமத்துல ஆஜர்படுத்தணுமாமே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரும்மா?" என்றார். "மகளிர் குழு சார்" என்றோம். கொஞ்ச நேரத்தில் போன் போட்டார்கள். அன்று மாலையே பையனை ஆஜர்படுத்தினார்கள், ஜாமீனும் கிடைத்தது. நன்னடத்தை அலுவலர் ஒரு பெண். வீட்டுக்கு வந்து பார்த்து, பையனோடு பொறுமையாகப் பேசினார். அவர் நல்லபடியாகத் தன் வேலையைச் செய்தார் என்பதையும் இங்கே எழுத வேண்டும். பையன் இப்போது அச்சு ஊற்றும் வேலைக்குப் போகிறான்.

நாங்கள் சண்டை எதுவும் போடவில்லை. நாலு பேர் போய் நின்று, ஒரு கேள்வி கேட்டோம், அவ்வளவுதான்.

என்ன கேட்கலாம்?

இப்போது இருக்கிற சட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மானப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது.

18 வயது நிறையாத பிள்ளையைப் பிடித்தால் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜர்படுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூக சேவகர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

எந்தக் கேஸாக இருந்தாலும் ஜாமீன் கேட்கலாம். வெளியே விட்டால் கெட்ட கூட்டத்தில் சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதிக்குக் கெடுதல் என்பது போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று பயப்பட வேண்டாம். இலவச சட்ட உதவி பிள்ளையின் உரிமை. நம் விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். ஆபத்தில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் 1098.

இல்லத்தில் வேலை பார்ப்பவரே பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவலும், 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. திருத்துவதற்காக அடித்தேன் என்ற சாக்கு செல்லாது. இல்லத்தில் அடிப்பதே சட்டப்படி குற்றம்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது இது. ஒவ்வொரு இல்லத்தையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆய்வுக் குழு போய்ப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். பார்த்த அறிக்கையை ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்துக்குக் கடலூரில் கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. அங்கே கடந்த ஒரு வருஷத்தில் ஆய்வுக் குழு எந்தெந்தத் தேதியில் போனது? என்ன குறை எழுதினார்கள்? அதில் எது சரி செய்யப்பட்டது? எத்தனை பணியிடம் காலியாக இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் யாரும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பிள்ளைகளின் பெயரைக் கேட்கக் கூடாது, தரவும் மாட்டார்கள். நமக்குத் தேதியும் எண்ணிக்கையும் போதும்.

கிராமத்துக் குழுக்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் தலைவரின் கீழ் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். நம் ஊரில் அது இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று அடுத்த கிராம சபையில் ஒருத்தர் எழுந்து கேளுங்கள். படிப்பை நிறுத்திய பையன் யார், வீட்டில் அடி வாங்குகிற பெண் யார், யாருக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பது நமக்கெல்லாம் முன்கூட்டியே தெரியும். அங்கேயே கவனித்தால் பாதிப் பிள்ளைகள் இல்லம் வரைக்கும் போக வேண்டியிருக்காது.

ஒரு கோரிக்கை

நம் மாநிலத்தில் இந்தச் சட்டத்துக்கு வயது நூறுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த நூறு வருஷத்தில் அரசு தானாக முன்வந்து "எங்கள் இல்லத்தில் இப்படி ஒரு தவறு நடந்தது" என்று சொன்னதாக நான் படித்தவற்றில் எங்கும் இல்லை. ஒரு பத்திரிகைக்காரப் பெண் கேட்டார், ஒருவர் கடிதம் எழுதினார், வெளியிலிருந்து வந்த தணிக்கைக் குழு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது, மகனைப் பறிகொடுத்த தாய் விடாமல் நின்றார். ஒவ்வொரு முறையும் யாரோ கேட்ட பிறகுதான் அரசு பதில் சொல்லியிருக்கிறது.

செங்கல்பட்டுத் தாய் மகன் போன பிறகு கேட்க வேண்டி வந்தது. பிள்ளை உயிரோடு இருக்கும்போதே கேட்பதற்கு ஆள் வேண்டும். அதனால் நம் கூட்டமைப்பின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை நம் கூட்டமைப்பின் பெயரால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மேலே சொன்ன கேள்விகளை எழுத்தில் அனுப்புவோம். வந்த பதிலைக் கூட்டத்தில் சத்தமாகப் படிப்போம். பதில் வராவிட்டால் வரவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். யாராவது ஒரு சகோதரியின் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று காதில் விழுந்தால், அன்றைக்கே நாலு பேர் அவளோடு போவோம். அவளைத் தனியாக அனுப்பக் கூடாது.